குடிநீருக்கான தொடர் ஓட்டம்: பயிற்சி நாட்குறிப்பு

பிப்ரவரி 15, ஞாயிறு

உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினோம். நால்வர் அணி, ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று ஓட்டம். திரட்டும் பணம் வடசென்னையில் ஒரு தொடக்கப் பள்ளியின் குடிநீருக்குப் போகிறது.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்கிறார் பயிற்சி தரும் அண்ணன். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதற்கு மேல் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆளைச் சாய்த்துவிடும். எனக்கு உப்புப் போட்ட மோர்தான் ஒத்துக்கொள்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

இரண்டாவதாக ஓடும் அக்கா இன்று வரவில்லை. அவர் தெருவில் லாரி வரும் நாள். “லாரி ஐந்து மணிக்கும் வரும், எட்டு மணிக்கும் வரும் தம்பி. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நான் எங்கே ஓடுவது?” என்றார். 2019 ஜூனில் புழல் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தபோது நகரமே திரும்பிப் பார்த்தது. அக்காவின் தெருவில் குடங்களின் வரிசை அதற்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவர் மாலையில் மாநகராட்சி விளையாட்டுத் திடலில் ஓடுகிறார். எங்களில் வேகம் அவருக்குத்தான்.

பிப்ரவரி 28, சனி

பள்ளிக்குப் போனோம். வராந்தாவில், தண்ணீரில் கரைந்த உப்பைச் சவ்வு வழியாகப் பிரித்தெடுக்கும் ஓர் ஆர்.ஓ. இயந்திரம் நிற்கிறது. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. கொடுத்தவர் பெயர்ப் பலகை பளபளவென்று இருக்கிறது, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சவ்வு அடைத்துப்போய் வெகுகாலமாகிறது. மாற்றப் பணம் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறார்கள். கொண்டுவராத பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக் குடிக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

குழாய்த் தண்ணீரில் கரைந்த உப்பை அளந்தோம். லிட்டருக்கு 380 மில்லிகிராம். இந்தியத் தரத்தின்படி 500 வரை குடிக்கலாம். அப்படியென்றால் இங்கே ஆர்.ஓ. எதற்கு? கோளாறு மொட்டைமாடித் தொட்டியில் இருக்கிறது. மூடி உடைந்திருக்கிறது, அடியில் வண்டல். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டார் அண்ணன். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும். குழாயைச் சூரியனுக்கு நேரே பிடித்து மாறி மாறிப் பார்த்தோம். நிறமே வரவில்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

கோல் மாற்றும் பயிற்சி. வாங்குபவர் மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகுதான் கொடுப்பவர் நீட்ட வேண்டும். நின்றுகொண்டு வாங்கினால் இருவருக்கும் நேரம் போகிறது. ஆறரைக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

ஓடி முடித்ததும் மணலில் உட்கார்ந்து பணத்தைப் பற்றிப் பேசினோம். புது இயந்திரம் வாங்கலாம், படம் எடுத்துப் போட்டால் கொடுத்தவர்களுக்கும் திருப்தி என்றார் ஒருவர். நான் விடவில்லை. அங்கே வேண்டியது மூடியுள்ள புதுத் தொட்டி, நான்கு குழாய், குளோரின், அதை வாராவாரம் பார்க்க ஓர் ஆள். தொட்டியைக் கழுவுவதைப் படம் எடுத்து யாரும் போடுவதில்லை, ஆனால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வராமல் காப்பது அந்த வேலைதான். அக்கா எடுத்த எடுப்பில் என் பக்கம் நின்றார். வசூலில் பாதியைப் பராமரிப்புக்கென்று தனியாக வங்கியில் போடுவதாக முடிவாயிற்று.

மார்ச் 22, ஞாயிறு

ஓட்டம் நன்றாக முடிந்தது. அக்கா முன்னால் போனவர்கள் பலரைத் தாண்டி வந்து கோலைக் கொடுத்தார், என்னால் அந்த இடத்தைக் கைவிடாமல் ஓட முடிந்தது. கேட்டதற்கு மேலேயே கொடுத்திருக்கிறார்கள். சத்துணவுக் கூடத்து அம்மா திங்கட்கிழமைதோறும் குளோரின் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சோதனைப் பெட்டியை நாளை அவரிடம் கொடுத்து, செய்து காட்ட வேண்டும். தொட்டி பொருத்த பிளம்பர் புதன்கிழமை வருகிறார்.