கொல்லையில் கிடைத்த கல்மரம்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கழிவுநீர்த் தொட்டிக்குச் செம்மண்ணைத் தோண்டியபோது, விறகுக்கட்டை போன்ற பழுப்புநிறக் கல் ஒன்று வெளிப்பட்டது. பக்கத்து வீட்டார் ஏதோ பெரிய விலங்கின் எலும்பு என்றார்கள். தோண்டியவர் தயங்காமல் கல்மரம், அதாவது மண்ணுக்குள் புதைந்து கல்லாக மாறிய மரம் என்றார். கல்மரப் பூங்கா உள்ள திருவக்கரை அருகில் இருப்பதால் அவர் சொன்னதே பொருத்தமாகப் பட்டது; ஆனால் நீளவாக்கில் ஓடும் வரிகளை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது, ஏனெனில் அடுக்கடுக்காகப் படிந்த மணற்கல்லிலும் அத்தகைய வரிகள் உண்டு.

கழிப்பறை கழுவும் ஆசிட்டை நீர்த்து ஓரிரு சொட்டு விட்டபோது நுரை எழவில்லை. ஆகவே அது சுக்கான் கல் அன்று. கத்தி அதில் கீறல் போடவில்லை. கல்லோ கண்ணாடியைக் கீறியது. ஸ்பிரிங் தராசில் 1,560 கிராம் காட்டிய கல், நீரில் மூழ்கித் தொங்கியபோது 960 கிராம் காட்டியது. 1,560-ஐ இழந்த 600 கிராமால் வகுத்தால் ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 2.6, இது கல்மரங்களில் பெரும்பாலும் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் 2.65-க்கு நெருக்கமானது. மணற்கல்லும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான் என்பதால், இவ்வளவு செய்தும் சந்தேகம் முழுமையாக நீங்கவில்லை.

முடிவைத் தந்தது உடைந்த முனைதான். அதை நனைத்து, சாய்வான வெயிலில் பத்து மடங்கு உருப்பெருக்கியால் பார்த்தபோது, வளைந்த வளையங்களும், அவற்றைக் குறுக்கே வெட்டி மையத்திலிருந்து விரியும் மெல்லிய கோடுகளும், இடையிடையே ஊசிமுனை அளவுத் துளைகளும் தெரிந்தன. மணற்கல்லில் மணிகள்தாம் தெரியும். அத்துளைகள் நீர் கடத்தும் குழாய்கள் என்றால், ஊசியிலை மரங்களில் அவை இராது என்பதால், இது பூக்கும் தாவரத்தின் மரமாக இருக்க வேண்டும்.

பிறகு திருவக்கரைப் பூங்காவுக்குச் சென்று ஒப்பிட்டேன். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781-இல் குறிப்பிட்ட அக்கல்மரங்கள், கடலூர் மணற்கல்லில் கிளையும் இலையும் இன்றிக் கிடக்கின்றன. வெள்ளம் அடித்துவந்து புதைத்தவை என்பதற்கு அதையே சான்றாகச் சொல்கிறார்கள். அங்கிருந்து சிறு துண்டையும் எடுக்கக் கூடாது. பார்த்து ஒப்பிடுவதற்கு அது தேவைப்படவும் இல்லை.

கல்லைக் கையில் வாங்கிப் பார்த்த நிலவியல் ஆசிரியர் ஒருவர் கல்மரமே என்று உறுதிசெய்தார். எந்த மரம் என்று அறிய, 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்த மென்சீவலை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமாம். தோண்டிய ஆழம், மண்ணின் நிறம், கல் கிடந்த திசை ஆகியவற்றை எழுதி ஒளிப்படங்களுடன் அவரிடம் கொடுத்திருக்கிறேன். எந்த இடத்தில் அறுப்பது என்பதை அவரே முடிவு செய்வார்.