600 கஜத்தில் புள்ளி எங்கே போகிறது

ஒஹாயோவில் ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது கேம்ப் பெர்ரி. அங்கே நடக்கும் சர்வீஸ் ரைஃபிள் (ராணுவ வகைத் துப்பாக்கி) போட்டியில் 50 ரவுண்ட், 500 புள்ளி. 200 கஜத்தில் நின்றபடி 10. அதே தூரத்தில் உட்கார்ந்து 60 நொடிக்குள் 10. 300 கஜத்தில் படுத்து 70 நொடிக்குள் 10. கடைசியாக 600 கஜத்தில் படுத்து 20 நிமிடத்தில் 20.

புதிதாக வருபவர்கள் 600-க்குத்தான் பயப்படுவார்கள். உண்மையில் அதிகப் புள்ளி போவது நின்று சுடும் முதல் பத்தில். அதற்கு வீட்டில் தினமும் வெற்றுத் துப்பாக்கியில் ட்ரிகர் பழகுவதுதான் மருந்து. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுப் பழகுங்கள்.

படுத்துச் சுடும்போது துப்பாக்கியைத் தாங்க வேண்டியது வார் (கையில் மாட்டும் ஸ்லிங் பட்டை), தசை அல்ல. குறிவைத்தபின் கண்ணை மூடி, மூச்சை விட்டுத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் இடுப்பை நகர்த்துங்கள். கையால் தள்ளித் திருத்தினால் சுடும் கணத்தில் துப்பாக்கி பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வாரின் எந்தத் துளையில் கொக்கி மாட்டினீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். துளை மாறினால் ஜீரோவும், அதாவது குறியும் குண்டும் ஒன்றாகச் சேரும் அமைப்பும், மாறலாம்.

உயரத் திருத்தம் சுலபம். 77 கிரெய்ன் (சுமார் 5 கிராம்) குண்டுக்கு 200-லிருந்து 300-க்குச் சுமார் 3 மினிட் (கோண அளவு, 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம்), அங்கிருந்து 600-க்கு மேலும் 11 அல்லது 12. ஸ்கோப் திருகின் ஒரு கிளிக் கால் மினிட் என்றால் எண்ணித் திருப்பிவிடலாம்.

சிக்கல் காற்றில். மணிக்கு 10 மைல் பக்கக்காற்று 600 கஜத்தில் குண்டை 20 அங்குலத்துக்கு மேல் தள்ளும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமோ 12 அங்குலம்தான். 3 மைல் மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டாலே ஒன்பது. கொடியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (இலக்கைப் பார்க்கும் தனித் தொலைநோக்கியை) இலக்குக்குச் சற்று முன்னால் ஃபோகஸ் செய்தால் கானல் ஓடும் திசை தெரியும். அது பக்கவாட்டில் ஓடாமல் நேர்மேலே கொதித்தால் அப்போது பக்கக்காற்று இல்லை என்று பொருள்; காற்று திசை மாறப் போகலாம், பொறுங்கள். ஒரே காற்று நிலைத்தால் தாமதிக்காமல் அடுத்தடுத்துச் சுடுங்கள்.

ஒவ்வொரு முறை சுட்டபின்னும், இலக்கை இறக்கிக் குறியிடும் குழியிலிருந்து அது மேலே வருவதற்குள், குண்டு எங்கே போயிருக்கும் என்று குறித்துவிட வேண்டும். பார்த்தபின் குறிப்பது ஏமாற்று வேலை. நடு என்று குறித்தது பக்கவாட்டில் விழுந்திருந்தால் பெரும்பாலும் காற்று. மேலும் கீழுமாகச் சிதறினால் வாரையும் கன்னம் பதியும் இடத்தையும் பாருங்கள், துப்பாக்கியின் ஸ்கோப்பைத் தொடாதீர்கள்.

சைட்டர் (புள்ளியில் சேராத சோதனை ரவுண்ட்) தராத போட்டியானால், முதல் ரவுண்டுக்கு முன் பக்கத்து இலக்குகளில் குண்டு பட்ட இடத்தைக் காட்டும் குறியட்டைகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பாருங்கள். காற்று வலமிருந்து வீசும்போது பலருடையது இடப்பக்கம் சாய்ந்திருந்தால், அவர்கள் காற்றைக் குறைவாகக் கணித்திருக்கிறார்கள்.