விளையாட்டுச் சேனலுக்கு ஆண்டு முழுவதும் பணம் கட்ட வேண்டுமா?

பங்குனி பிறந்துவிட்டால், கோத்தகிரிப் பக்கம் கேபிள் இணைப்பு உள்ள பல வீடுகளில் விளையாட்டுச் சேனல் போடலாமா வேண்டாமா என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. ஐ.பி.எல். நடக்கும் இரண்டு மாதங்களுக்குப் போட்டால் கொடுத்த காசுக்குத் தகும். ஆண்டு முழுவதும் வைத்திருந்தால் தகாது என்பதே என் கணக்கு.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அமைப்பின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது முதல், வேண்டிய சேனலைத் தனியாகக் கேட்டு வாங்கும் உரிமை சந்தாதாரருக்கு இருக்கிறது. தொகுப்பில், அதாவது பேக்கில், இடம்பெறும் சேனல் ஒன்றின் தனி விலை மாதம் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. அந்த உச்ச விலையையே வைத்துக்கொண்டாலும், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 22 ரூபாய் 42 காசு. ஆண்டுக்கு 269 ரூபாய். இரண்டு மாதங்களுக்கு 45 ரூபாய்கூட இல்லை. குன்னூரில் இரண்டு பேர் டீயும் வர்க்கியும் சாப்பிட்டால் அந்தக் காசு போய்விடும்.

ஆனால் தனிச் சேனல் கேட்டால், "பேக்காவே போட்டுக்குங்க, தனியா எடுத்தா உங்களுக்குத்தாங்க நஷ்டம்" என்கிறார் எங்கள் கேபிள்காரர். அந்தப் பேக்கில் யாரும் பார்க்காத சேனல்களும் சேர்ந்து வருகின்றன. போட்டிகள் முடிந்த பிறகும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி ரூபாய்க்கு, அதாவது ஓர் ஆட்டத்துக்கு 57.5 கோடி என்று விற்கப்பட்டது. அந்தப் பணத்தை விளம்பரத்திலும் சந்தாவிலும்தான் எடுத்தாக வேண்டும் என்பதால், மட்டையைக் கையால் தொட்டறியாத, சீரியல் மட்டும் பார்க்கும் பாட்டியும் பேக் வழியாகத் தன் பங்கைக் கட்டுகிறார்.

இந்திய அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களின் நிலை இன்னும் விசித்திரமானது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் ஒளிபரப்பை, தூர்தர்ஷனை நடத்தும் அரசு நிறுவனமான பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். எனினும் அப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனின் தரைவழி அலைவரிசையிலும் அதன் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே மாதக் கட்டணமே இல்லாத ஃப்ரீ டிஷ் வீட்டில் தெரிகிற ஆட்டம், மாதம் தவறாமல் பணம் கட்டும் கேபிள் வீட்டின் டிடி ஸ்போர்ட்ஸில் தெரியாது. எனக்கு இதில்தான் கோபம்.

செல்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்பவர்கள் சமவெளிக்காரர்களாக இருக்க வேண்டும். சரிவுக்குக் கீழே இருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளில், கடைசி ஓவரில் சக்கரம் சுற்றத் தொடங்கினால் ஆட்டம் முடிந்தே நிற்கும்.

கூடலூர்ப் பக்கத்துக் கால்பந்துப் பிரியர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஐரோப்பிய லீக்குகள் ஆகஸ்டில் தொடங்கி மே வரை நடப்பதால், நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பார்க்கும் அவர்கள் ஆண்டுச் சந்தாவே கட்டலாம். மற்றவர்கள் ஐ.பி.எல். இறுதி ஆட்டம் முடிந்ததும், அடுத்த ரீசார்ஜ் தேதிக்கு முன்பாகவே, சேனலை எடுத்துவிடச் சொல்லிவிடுங்கள்.