அம்மன் பள்ளியறைக்குப் போன பிறகு

மலேசியாவின் பினாங்கிலிருந்து பணிமாற்றலாகி மதுரைக்கு வந்த நாள்முதல், அங்குள்ள தோழிகள் தொலைபேசியில் தவறாமல் கேட்பது, வார இறுதி இரவுகளை நான் எப்படிக் கழிக்கிறேன் என்பதைத்தான். சூலியா வீதியின் மதுக்கூடங்களையும், விடியவிடியத் தே தாரேக் என்னும் பால்தேநீரை ஆற்றித் தரும் மாமாக் கடைகளையும் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடைகள்) மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இங்கே நட்சத்திர விடுதிகளுக்குள் மதுக்கூடங்கள் உண்டு, அரசு மதுக்கடைகள் இரவு 10 மணிக்கு மூடிவிடும். அதைப்பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் மதுரைக்கு இரவு வாழ்க்கை இல்லை என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பகற்கடைகளை நாளங்காடி என்றும் இரவுக்கடைகளை அல்லங்காடி என்றும் சங்க காலத்திலேயே வகுத்து வைத்திருந்த ஊர் இது. இங்கே இரவு, வழிபாடும் தொழிலும் சேர்ந்து விழித்திருக்கும் நேரம். அந்த இரவை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு சென்ற சனிக்கிழமை எனக்குக் கிடைத்தது.

அலுவலகத் தோழி ஒருத்தி என்னை மீனாட்சி அம்மன் கோயிலின் பள்ளியறை பூசைக்கு அழைத்துச் சென்றாள். கைபேசியை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும் என்பதால், அங்கிருந்த ஒருவர் கையிலும் படம்பிடிக்கும் கருவி இல்லை. எல்லோருடைய கண்ணும் வாசலிலேயே இருந்தது. நாகசுரமும் தவிலும் முன்னே ஒலிக்க, சொக்கநாதரின் திருப்பாதம் பல்லக்கில் ஏறி, அம்மன் சன்னிதியில் உள்ள பள்ளியறைக்கு எழுந்தருளுகிறது. மீனாட்சியின் ஆட்சி நடக்கும் ஊர் என்பதால் சுவாமிதான் அம்மனைத் தேடி வருகிறார் என்று தோழி என் காதருகே சொன்னாள். பகலில் வரிசையில் நின்ற வெளியூர்க் கூட்டம் கலைந்திருந்தது. கடையடைத்துவிட்டு வந்தவர்களும், தினமும் வந்து பழகிய வயதான பெண்களும் அதிகமாக இருந்தார்கள். பினாங்குத் தைப்பூசத்தின் வெள்ளி இரதத்தையும் அதன் பெருங்கூட்டத்தையும் பார்த்து வளர்ந்தவள் நான். ஆயினும், அறிவிப்பும் ஆர்ப்பாட்டமும் இல்லாமல் ஒவ்வோர் இரவும் நடக்கும் இந்தச் சிறு ஊர்வலம் என்னை அதைவிட ஆழமாகத் தொட்டது.

கோயில் நடை சாத்திய பிறகு மாசி வீதிகளின் பக்கம் நடந்தோம். சிம்மக்கல் பக்கத்தில் கறிதோசை சாப்பிட்டோம். கனமான தோசையின்மேல் முட்டையும் மசாலாவில் வெந்த ஆட்டுக்கறியும் பரப்பிச் சுட்டுத் தருகிறார்கள், ஒன்றே ஒருவருக்குப் போதும். விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டாவும் குடித்தோம். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று அது சிற்றுண்டிக்கும் பானத்துக்கும் நடுவில் நிற்கிறது. எனக்கு அதைவிட, தள்ளுவண்டியில் சுக்கு மணக்க விற்கும் பருத்திப்பால்தான் பிடித்திருக்கிறது.

தோழியின் தந்தை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். விடிவதற்குமுன் அவருடன் நாங்களும் போனோம். செவ்வந்தி, பிச்சி, மரிக்கொழுந்து எல்லாம் மூட்டைகளாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மல்லிகை சற்றுப் பிந்தித்தான் வரும், ஏனென்றால் மாலையில் மலரவேண்டிய மொட்டை அன்று விடிகாலையில் பறித்தாக வேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்து வயல்களில் நாம் உறங்கும் நேரத்தில் பெண்கள் குனிந்து பறிக்கும் பூ அது. இதழ் தடித்து, மொட்டு எளிதில் விரியாமல் தாக்குப்பிடிப்பதால், மதுரை மல்லி விமானமேறி எங்கள் நாடுவரை வருகிறது. 2013ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பினாங்கில் ஒரு முழம் வாங்கும்போது விலையை எண்ணி முணுமுணுப்பவர்கள், இந்தச் சந்தையை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோழியின் அண்ணன் மகனுக்குப் பாண்டி கோயிலில் காதுகுத்து. சிவகங்கைச் சாலையில் மேலமடையில் இருக்கும் அந்தக் கோயிலைப் பற்றி நான் இன்னும் பல நாள் பேசிக்கொண்டிருப்பேன். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி, சுங்கைப் பட்டாணிப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். தோட்டத்து எல்லையில், மரத்தடியில், ஒரு சூலத்தோடு நின்ற சாமியைப் பாண்டி முனி என்றுதான் எங்கள் வீட்டில் கும்பிட்டார்கள். அந்தச் சாமி இங்கே தவக்கோலத்தில் அமர்ந்திருக்கிறார். கோவலன் வழக்கில் நீதி தவறிய பாண்டிய மன்னனே மறுபிறவியில் இங்கே தவமிருக்கிறான் என்று சொல்கிறார்கள். வழக்கிலும் வம்பிலும் அகப்பட்டவர்கள் நியாயம் கேட்டு வருவது அதனால்தான்.

மொட்டையடித்த குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தியபோது அவன் அழுத அழுகையில் சுற்றியிருந்த பெண்களும் கலங்கினார்கள். பொங்கல் பொங்கியதும் தோழியின் அப்பத்தா என்னை அருகில் அழைத்து உட்காரவைத்தார்.

"ஏந்தாயி, அங்கயும் சுருட்டு வச்சுத்தான் கும்புடுவீகளா?"

"ஆமா அப்பத்தா, சேவலும் அறுப்பாங்க."

"பாண்டிக்கா? ஆகாது தாயி. பாண்டிக்குச் சக்கரைப் பொங்கல்தான். கெடா, சேவல் எல்லாம் கருப்பனுக்கு."

அவர் சொன்னபடியே, சமயக் கருப்பனின் முன்னால்தான் கிடா வெட்டினார்கள். கடல் தாண்டிய எங்கள் மக்கள் இரண்டு சாமிகளையும் ஒரே சூலத்தில் நிறுத்திவிட்டார்கள் போலும். அதில் எனக்கு வருத்தமில்லை. தோட்டங்கள் அழிந்த பிறகு, அந்த மரத்தடிச் சாமிகளைப் பெயர்த்துக் கோபுரத்துக்குள் வைத்து, சுருட்டையும் படையலையும் நாகரிகமில்லை என்று நிறுத்திவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. இங்கே, இவ்வளவு பெரிய நகரத்தின் ஓரத்தில், எவரும் வெட்கப்படாமல் அந்த வழிபாடு நடக்கிறது.

கறிச்சோறு சாப்பிட்ட பிறகு மொய் எழுதினேன். நோட்டுப் புத்தகத்தில் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது அந்தப் பணம் திரும்பி வரவேண்டும் என்பது இங்கே எழுதாத ஒப்பந்தம். அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, சித்திரைத் திருவிழாவுக்குத் தாமே வருவதாகச் சொல்லிவிட்டார். கள்ளழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்திலும், அவர் ஆற்றில் இறங்கிய மறுநாள் இரவு தசாவதாரக் காட்சிக்கு ராமராயர் மண்டபத்திலும் விழித்திருப்பதென்று இப்போதே முடிவு செய்திருக்கிறோம்.