எரியும் என்று தெரிந்தும் ஏன் கேட்கிறோம்?

பாலும் சர்க்கரையும் சேர்க்காத காப்பியை முதன்முதலாகக் குடித்த நாளில் இரண்டு மிடறுக்கு மேல் என்னால் விழுங்க முடியவில்லை. இன்றோ அந்தக் கசப்பு இல்லாவிட்டால் காப்பி குடித்த நிறைவே வருவதில்லை. காப்பி அன்று கசந்தது போலவே இன்றும் கசக்கிறது. நான் அந்தக் கசப்பையே தேடிப் போகிறவனாக எப்படி ஆனேன் என்பதை நெடுநாளாக யோசித்துவருகிறேன்.

காரத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஒரு பச்சைமிளகாயைக் கடித்தவுடன் தெரிவது தழையின் மணமும் மெல்லிய இனிப்பும்தான்; ஓரிரு நொடிகள் கழித்தே நாக்கில் எரிச்சல் பிடித்து, அண்ணத்துக்கும் உதட்டுக்கும் பரவி, கண்ணில் நீரையும் நெற்றியில் வியர்வையையும் வரவழைக்கிறது. உண்மையில் காரம் ஒரு சுவையே அன்று. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணர்ந்து எச்சரிப்பதற்காக நரம்பு நுனிகளில் ஓர் ஏற்பி இருக்கிறது. மிளகாயிலுள்ள கேப்சைசின் அதைத் திறந்துவிடுவதால், வாய் வெந்துவிட்டது என்றே மூளைக்குச் செய்தி போகிறது. 1997ஆம் ஆண்டு இந்த ஏற்பியை அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வெந்ததாகச் செய்தி வந்தும் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பலமுறை பட்டறிந்த மனம், ஆபத்தில்லாத அந்த அபாய உணர்வையே ரசிக்கத் தொடங்குகிறது என்பது உளவியலாளர் பால் ரோசினின் விளக்கம். ராட்சத ராட்டினத்தில் அலறிக்கொண்டே மகிழ்வதையும் அவர் இதனோடு சேர்த்தே பார்த்தார். அவர் ஆராய்ந்தவர்களில் பலர் மிகவும் விரும்பியது, தாங்க முடியாத அளவுக்குச் சற்றே கீழான காரத்தைத்தான். நாக்கு மரத்துப்போவதால்தான் காரம் பிடிக்கிறது என்ற பேச்சை நான் முழுமையாக ஏற்காததற்கு இதுவே காரணம். பழக்கத்தால் எரிச்சல் ஓரளவு குறையலாம். ஆனால் விரும்பிச் சாப்பிடுபவர் தேடுவது அந்த எரிச்சலைத்தான்.

கசப்பின் கதை வேறு. தாவர நஞ்சுகள் பலவும் கசப்பவை என்பதால், பிறந்த குழந்தைகூடக் கசப்புக்கு முகம் சுளிக்கும். ஆனாலும் எல்லா நாக்கும் ஒன்றல்ல. 1930களின் தொடக்கத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் கையாண்ட தூள் ஆய்வகத்தில் பறந்தபோது, அது கசக்கிறது என்று உடனிருந்தவர் முறையிட்டார். ஃபாக்ஸுக்கோ சுவையே தெரியவில்லை. அந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்பது பின்னர் உறுதியானது. எனவே ஒருவர் ஒதுக்கும் உணவைப் பிடிவாதத்தின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

பிறப்புக்கு முன்பே பழக்கம் தொடங்கிவிடுவதும் உண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்துவந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கூழுக்குக் குறைவாகவே முகம் சுளித்ததை ஓர் ஆய்வு காட்டியது. அப்படி அறிமுகமாகாத சுவைகளுக்கு எட்டுப் பத்து முறை ருசிபார்க்க வேண்டியிருக்கலாம். ஆகவே குழந்தை துப்பிய உணவை நான் வற்புறுத்தி ஊட்டுவதில்லை. சில நாள் கழித்து, விரல்நுனியளவு மட்டும் மறுபடியும் தட்டின் ஓரத்தில் வைப்பேன்.