அயர்லாந்தின் மேற்குக் கரையில் நாங்களே கார் ஓட்டிச் சென்ற பத்து நாட்கள்

எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டை முன்னிட்டு, 2025 மே மாதக் கடைசியில் நானும் என் கணவரும் அயர்லாந்துக்குச் சென்று, அதன் மேற்குக் கரையோரமாகப் பத்து நாட்கள் வாடகைக் காரில் சுற்றிவந்தோம். சுற்றுலா நிறுவனம் எதையும் நாடாமல், விசா முதல் தங்குமிடம் வரை எல்லாவற்றையும் நாங்களே ஏற்பாடு செய்துகொண்டோம். இதே போலச் செல்ல விரும்புவோருக்குப் பயன்படும் என்பதால், எங்கே தடுமாறினோம், எப்படிச் சமாளித்தோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் விசா. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும், ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் ஒன்றல்ல. ஷெங்கன் விசா கையில் இருந்தாலும் அது அங்கே செல்லாது. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் அந்த நாட்டுக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அது தரும் சுருக்கப் படிவத்தை அச்சிட்டுக் கையொப்பமிட்டு, கடவுச்சீட்டுடனும் ஆவணங்களுடனும் சென்னை விசா மையத்தில் ஒப்படைத்தோம். ஒருமுறை நுழைவதற்கான கட்டணம் தலைக்கு 60 யூரோ. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், நாங்கள் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தை இணைத்தபோது, இடையில் ஒரு வைப்புத்தொகை முதிர்ந்து பெருந்தொகையாகக் கணக்கில் வந்திருந்ததைக் கவனித்து, அது எங்கிருந்து வந்தது என்று தனிக் கடிதம் ஒன்று எழுதி, முதிர்வுச் சான்றையும் சேர்த்து வைத்தோம். விளக்கமில்லாத பெரிய வரவு சந்தேகத்துக்கு இடமளிக்கும் என்பதால், இந்த ஒரு தாளை எவரும் விட்டுவிட வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

விசாவை ஒட்டி எங்களுக்கு ஒரு வருத்தமும் உண்டு. என் கணவர் இடையன்குடிக்கு அருகில் பிறந்தவர். கால்டுவெல் கட்டிய தேவாலயத்தைப் பார்த்து வளர்ந்தவர். அந்தக் கால்டுவெல் 1814-இல் பிறந்த ஊர் ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடி. அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் ஆன்ட்ரிம் இருப்பது வட அயர்லாந்தில். அது பிரிட்டனுக்கு உட்பட்டது. எல்லையில் சாவடியோ காவலரோ இல்லை, சாலைப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறுவது ஒன்றுதான் அடையாளம் என்றாலும், உரிய அனுமதி இல்லாமல் அதைக் கடப்பது சட்டமீறல். இந்தியர்களின் அயர்லாந்து விசாவில் பிரிட்டனுக்கும் பொருந்தும் என்ற 'பிஐவிஎஸ்' குறிப்பு இருந்தால் செல்லலாம். எங்கள் விசாவில் அக்குறிப்பு இல்லை. ஆகவே வடக்கை விட்டுவிட்டு, தென்மேற்கில் கெர்ரியில் தொடங்கி கிளேர், கானமாரா என்று மேலேறுவதாகத் திட்டமிட்டோம்.

கார் எடுப்பதில்தான் உண்மையான சிக்கல் வந்தது. இணையத்தில் மலிவாகக் கிடைத்த காப்பீட்டை முன்கூட்டியே வாங்கியிருந்தோம். டப்ளின் விமான நிலையத்தில் வாடகை நிறுவனத்தின் முகப்பில் அதைக் காட்டியபோது, அது வேறு நிறுவனத்தின் காப்பீடு என்றும், அதை நம்பி வண்டி தருவதானால் கிரெடிட் கார்டில் 2,000 யூரோவுக்கு மேல் பிடித்து வைப்போம் என்றும் கூறினார்கள். எங்கள் அட்டையின் வரம்பு அதற்கு இடம் தரவில்லை. டெபிட் கார்டை அவர்கள் ஏற்கவில்லை. அரை மணி நேரம் பேசிப் பார்த்தும் பயனில்லாமல், அவர்களுடைய முழுக் காப்பீட்டையே நாள் கணக்கில் வாங்கினோம். டயருக்கும் கண்ணாடிக்கும் அது பொருந்துமா என்று நான் கேட்டு, எழுத்தில் இருப்பதைப் படித்த பிறகே கையொப்பமிட்டோம். நான்கு நாள் கழித்து அந்தக் கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. ஆட்டோமேட்டிக் கார் அங்கே குறைவு, வாடகையும் கூடுதல் என்பதால் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். அளவில் சிறியதாகவும் கேட்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல் என்பதையும் முதல் நாளே மனத்தில் பதித்துக்கொண்டோம்.

நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவது பெரிய ஆறுதல். ஆனால் கிராமப்புறச் சாலைகளின் அகலத்தை எந்த வரைபடமும் சொல்வதில்லை. இருபுறமும் ஆளுயரப் புதர்வேலி. அதற்குள் மறைந்திருப்பது கருங்கல் சுவர். எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்னால் நகர்ந்தே ஆக வேண்டும். இத்தகைய உள்ளூர்ச் சாலைகளின் பொது வேகவரம்பை 2025 பிப்ரவரியில் 80-லிருந்து 60 கிலோமீட்டராகக் குறைத்திருக்கிறார்கள். நாங்கள் பல இடங்களில் 40-ஐத் தாண்டவில்லை. நடுவில் புல் முளைத்த ஒற்றையடிச் சாலையை அங்கே 'போரீன்' என்கிறார்கள். சாலைக்கான ஐரிஷ் சொல்லே பசுவைக் குறிக்கும் 'போ' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று தங்கியிருந்த வீட்டுக்கார அம்மையார் விளக்கினார். வழிவிட்ட ஒவ்வொருவருக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி நன்றி சொல்வது அங்கே வழக்கம். இரண்டாம் நாளிலிருந்து என் கணவருக்கும் அது கைவந்துவிட்டது.

கெர்ரியில் எங்கள் பெருங்கனவு ஸ்கெலிக் மைக்கேல். கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், கடலிலிருந்து 218 மீட்டர் உயர்ந்து நிற்கும் பாறைத்தீவு அது. ஆதிகாலத் துறவிகள் அடுக்கிய அறுநூறுக்கும் மேற்பட்ட கற்படிகள் இன்றும் அங்கே உள்ளன. நாளொன்றுக்கு 180 பேரை மட்டுமே இறங்க விடுகிறார்கள் என்பதால், மார்ச் மாதமே போர்ட்மகீ படகில் இடம் பிடித்திருந்தோம். புறப்பட வேண்டிய நாளின் காலை ஏழரை மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது: அலை அதிகம், படகு இல்லை. மறுநாள் படகுகள் நிறைந்திருந்தன. பணம் முழுவதும் திரும்பியது. கரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்ததால் எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. படகோட்டி ஒருவர், இங்கே கடல் அமைதியாகத் தெரிந்தாலும் பாறையின் இறங்குதுறையில் அலை எம்பினால் கால் வைக்க முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தப் பகலில் பாலம் கடந்து வாலென்ஷியா தீவுக்குப் போனோம். 1866-இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி வெற்றிகரமாகப் போடப்பட்டது இத்தீவிலிருந்துதான். தீவின் மேற்கு முனையான பிரே ஹெட் மேட்டில் ஏறி நின்றபோது, ஸ்கெலிக் மைக்கேலும் அதன் அருகிலுள்ள சிறிய ஸ்கெலிக் பாறையும் கரிய முக்கோணங்களாகத் தெரிந்தன. சிறியது மட்டும் மேல்பாதி வெண்மையாக இருந்தது. தொலைநோக்கியில் பார்த்தபோதுதான் அந்த வெண்மை முழுவதும் கடற்பறவைக் கூட்டம் என்று விளங்கியது. தீவில் இறங்க விரும்புவோர், படகு நாளுக்குப் பின் குறைந்தது இரண்டு நாட்களாவது அப்பகுதியிலேயே இருக்கும்படி திட்டமிட வேண்டும்; அதற்கும் மேல் கடல்தான் முடிவு செய்யும்.

டிங்கிள் தீபகற்பத்தில் ஸ்லே ஹெட் சாலையைக் கடிகாரச் சுற்றில் ஓட்டுமாறு எல்லோரும் சொல்கிறார்கள், பேருந்துகளும் அப்படியே செல்வதால். அது ஐரிஷ் பேசும் பகுதி; பலகைகளில் ஆங்கிலம் இல்லை. வரைபடத்தில் டன்குவின் என்றிருந்த ஊர் அங்கே 'டூன் கீன்' ஆகிவிடுகிறது. ஊர்ப்பெயர்களை இரண்டு வடிவிலும் குறித்து எடுத்துச் சென்றது எனக்கு மிகவும் உதவியது. அந்த ஊரின் படகுத்துறைக்கு வளைந்து வளைந்து இறங்கும் பாதையின் மேல் நின்று, 1953-இல் கடைசி மக்களும் வெளியேறிய பிளாஸ்கெட் தீவை நெடுநேரம் பார்த்தோம். கூரையில்லாத வீடுகளின் சுவர்கள் கரையிலிருந்தே தெரிகின்றன.

அங்கிருந்து திரும்பும் வழியில், எதிரே வந்த வேனுக்கு இடம்விட ஒதுங்கியபோது, புல்லுக்குள் இருந்த கூர்க்கல் இடப்பக்க முன்டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. பின்பெட்டியைத் திறந்தால் மாற்றுச் சக்கரம் இல்லை. பசைக் குப்பியும் சிறிய காற்று எந்திரமும் மட்டுமே இருந்தன. பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பசை நிற்காது. சாலையோர உதவி எண்ணை அழைத்தோம். வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். முதுகில் நீலச்சாயம் பூசிய ஆடுகளை ஓட்டிவந்த முதியவர் ஒருவர் நின்று விசாரித்தார். எதுவும் சொல்லாமல் போனவர், கால் மணி நேரத்தில் ஒரு ஃபிளாஸ்க் நிறையத் தேநீரும், வெண்ணெய் தடவிய சோடா ரொட்டியும், ஓரங்கள் நைந்த ஒரு கம்பளிப் போர்வையும் கொண்டுவந்தார். "காற்று மாறப் போகிறது, அம்மாவுக்குப் போர்த்துங்கள்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, இழுவை வண்டி வரும்வரை எங்களுடனேயே மதில்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னபடியே அரை மணியில் தூறல் வந்தது. மாலை எட்டு மணிக்கும் நல்ல வெளிச்சம் இருந்ததால் எனக்குப் பயம் ஏற்படவில்லை. அன்று அவர் பேசிய ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தப் பயணத்தில் நான் மறக்கவே முடியாத மனிதர் அவர்தான்.

மறுநாள் மதியம் புதிய டயருடன் டார்பர்ட் சென்று, ஷானன் கழிமுகத்தைக் காருடன் படகில் கடந்தோம். இருபது நிமிடப் பயணம்; சாலையில் சுற்றுவதானால் சுமார் 137 கிலோமீட்டர் கூடுதல். மோஹர் செங்குத்துப் பாறைகளை அடைந்தபோது மூடுபனியில் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அன்றிரவு அருகிலேயே தங்கி மறுநாள் காலை மீண்டும் போனதால்தான் 214 மீட்டர் உயரத்தையும், அடியில் அலை உடைவதையும் பார்க்க முடிந்தது. எனக்கோ அதைவிடப் பர்ரன் பிடித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல்நிறச் சுண்ணாம்புப் பாறைத்தளம்; வறண்டது என்று நினைத்து மண்டியிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு வெடிப்பின் ஆழத்திலும் ஈரம், பெரணி இலைகள், ஓரிடத்தில் விரல்நக அளவில் கருநீல ஜென்ஷியன் பூ. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பௌல்நப்ரோன் கல்திட்டை அந்தப் பாறைவெளியின் நடுவே தனியாக நிற்கிறது. நம் ஊர்க் கல்திட்டைகளைக் கண்டிருந்த என் கணவர், அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார்.

கானமாராவில் இரண்டு நாட்களும் மழை. கிளிஃப்டன் அருகே, 1919-இல் அட்லாண்டிக்கை முதன்முதலில் இடைநில்லாமல் பறந்து கடந்த ஆல்காக்கும் பிரௌனும் வந்திறங்கிய சதுப்பு நிலத்தில் குடையுடன் ஒரு மணி நேரம் நடந்ததோடு சரி.

கடைசி நாள் கால்வேயிலிருந்து நெடுஞ்சாலையில் டப்ளின் திரும்பினோம். அங்கே எம்50 சாலையில் சுங்கச்சாவடி கிடையாது. கேமரா எண்ணைப் படித்துக்கொள்கிறது, மறுநாள் இரவு எட்டு மணிக்குள் நாமே கட்டிவிட வேண்டும். அதைக் கட்டிய ரசீதையும், இழுவை வண்டிக்காரர் தந்த தாளையும், காரின் நான்கு பக்கங்களையும் எடுத்த படங்களையும் சேர்த்துச் சாவியுடன் ஒப்படைத்தோம். டயருக்காக எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அட்டையில் பிடித்து வைத்திருந்த சிறு தொகையும், ஊர் திரும்பி ஒன்பதாம் நாள் விடுவிக்கப்பட்டது.