சேர்க்கை மேசையில் கேட்க வேண்டாத கேள்விகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், கடலூர் சிப்காட்டை ஒட்டிய பள்ளிகளிலும், எல்லை தாண்டிப் புதுச்சேரியின் சேதராப்பட்டு, திருபுவனை, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பள்ளிகளிலும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஒரு தாய், கையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை, பக்கத்தில் அரைகுறைத் தமிழ் பேசும் மேஸ்திரி. மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போகும் முதல் கேள்வி, "ஆதார் இருக்கா?" இல்லையென்று தலையாட்டினால், "எடுத்துட்டு வாங்க, சேர்த்துக்கலாம்." கெட்ட எண்ணத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தாய் திரும்பி வருவதில்லை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவரை இன்னொரு நாள் கூலியை விடச் சொல்கிறோம்.

அந்தக் கேள்வியை அந்த இடத்தில் கேட்கவே கூடாது. குழந்தையின் பெயர், வயது, பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர், இப்போது தங்கியிருக்கும் இடம் ஆகிய நான்கும் சேர்க்கைக்குப் போதும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. 15ஆம் பிரிவின்படி, கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். 9ஆம் பிரிவு, இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதை உள்ளாட்சியின் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆதாரைப் பொறுத்தவரை, பள்ளிச் சேர்க்கைக்கு அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் மருத்துவமனைப் பதிவு, அதுவும் இல்லையென்றால் அங்கன்வாடிப் பதிவு, எதுவுமே இல்லையென்றால் பெற்றோரின் உறுதிமொழி. ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வரி: "இவன் என் மகன். இவன் பிறந்தது இந்த ஆண்டு, இந்த மாதம் என்று உறுதி கூறுகிறேன்." கீழே கையெழுத்து அல்லது இடது பெருவிரல் ரேகை, தேதி. பத்து ரூபாய் முத்திரைத்தாளும் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம்.

கோளாறு தொடங்குவது இதற்கு அடுத்த படியில். "ஏழு வயசு இருக்கும்" என்று தாய் சொன்னதும், ஏழு ஆண்டைக் கழித்து ஜூன் 1 என்று எழுதிவிடுகிறோம். பல சேர்க்கைப் பதிவேடுகளில் வெளிமாநிலப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் பிறந்திருப்பது இப்படித்தான். அந்தத் தேதி மாற்றுச் சான்றிதழுக்குப் போகும், பத்தாம் வகுப்புத் தேர்வெழுதுவோர் பெயர்ப்பட்டியலான நாமினல் ரோலுக்குப் போகும், பிறகு வாழ்நாள் முழுதும் கூடவே வரும். நாமினல் ரோல் முடிந்தபின் அதைத் திருத்துவது பெரும்பாடு. மாதத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: பண்டிகையை வைத்துக் கேட்பது. ஒடிசாக்காரர்களிடம் ரத யாத்திரைக்கு முன்னா பின்னா என்றும், பீகார்க்காரர்களிடம் சட் பூஜை சமயமா என்றும், வங்காளிகளிடம் துர்கா பூஜைக்கு எத்தனை மாதம் முன்பு என்றும் கேட்டால் தாய்மார்கள் தயங்காமல் சொல்வார்கள். எந்த நாள் என்பதில் பிழை இருக்கலாம், மாதம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பெயரிலும் இதே கவனம் வேண்டும். நமக்கு முதலெழுத்துப் பழக்கம். அவர்களுக்குக் குடும்பப் பெயர். அப்பா பெயர் ராஜேஷ் என்றால், சுனில் மாஜி நம் பதிவேட்டில் ரா. சுனில் ஆகிவிடுகிறான். மாஜி எங்கோ தொலைந்து போகிறது. பின்னால் ஆதார் வந்து, நாடு முழுவதற்குமான பள்ளித் தகவல் தளமான யூடைஸில் ஏற்றும்போது பெயர் பொருந்தவில்லை என்று சிவப்பில் காட்டும். கையில் எந்தத் தாள் இருக்கிறதோ அதில் உள்ளபடியே முழுப்பெயரை எழுதி, முதலெழுத்துக் கட்டத்தை வெறுமையாக விடுவதே நல்லது. சாதிக் கட்டத்தையும் ஊகித்து நிரப்பக் கூடாது. பீகாரில் ஒரு பட்டியலில் இருக்கும் சாதி இங்கே வேறு பட்டியலில் இருக்கலாம், எந்தப் பட்டியலிலும் இல்லாமலும் இருக்கலாம். சாதியும் மதமும் குறிப்பிட விரும்பாதவர் அந்த இடத்தை விட்டுவிடலாம் என்ற அரசாணை தமிழ்நாட்டில் 1973இலிருந்தே இருக்கிறது. அதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும் பள்ளிகள் குறைவு.

நாடு என்ற கட்டம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. கை தானாக "இந்தியன்" என்று எழுதிவிடும். குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளுக்கும், புதுச்சேரியை ஒட்டிய கீழ்புத்துப்பட்டு முகாம் பிள்ளைகளுக்கும் அது உதவி போலத் தோன்றும். அவர்கள் இங்கேயே பிறந்தவர்கள், பெற்றோரில் பலரும் இங்கே பிறந்தவர்கள். ஆனால் குடியுரிமைச் சட்டம் 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவரின் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது; 2004 டிசம்பருக்குப் பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. பள்ளிச் சான்றில் ஒன்றும் முகாம் அட்டையில் வேறொன்றும் இருந்தால், கல்லூரியிலோ பிற்காலத்தில் குடியுரிமை கேட்கும்போதோ அந்தப் பிள்ளைதான் பதில் சொல்லி நிற்க வேண்டும். எனவே முகாம் அட்டையில் உள்ளபடி எழுத வேண்டும். எழுதியது பதிவேட்டிலும் மாற்றுச் சான்றிதழிலும் மட்டுமே இருக்க வேண்டும். வகுப்பறையில் "கேம்ப் பசங்க எந்திரிங்க" என்று ஒலிக்கக் கூடாது. முகாமில் ஆள் சரிபார்க்கும் தணிக்கை நாளன்று குடும்பமே இருந்தாக வேண்டும் என்பதால் அன்று அந்தப் பிள்ளைகள் ஒட்டுமொத்தமாக வராமல் இருப்பார்கள். மறுநாள் எல்லார் முன்னிலையிலும் காரணம் கேட்க வேண்டியதில்லை, வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மேற்கு வங்கத்து முஸ்லிம் குடும்பங்களிடம் சிலர் வேறொரு கேள்வியைக் கேட்கிறார்கள்: "பங்களாதேஷா?" யார் எந்த நாட்டவர் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எந்தத் தலைமை ஆசிரியருக்கும் இல்லை. அரசமைப்பின் 21ஏ பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள "எல்லாக் குழந்தைகளுக்கும்" என்றுதான் சொல்கிறது. அங்கே குடிமக்கள் என்ற சொல் கிடையாது. வெளிநாட்டவர் என்று ஆவணப்படி தெரிந்த மாணவரைப் பற்றிப் பதிவு அதிகாரிக்கு விவரம் தரும் கடமை 2025ஆம் ஆண்டின் குடியேற்றம், வெளிநாட்டவர் சட்டத்தில் இருக்கிறது. அதை மறைக்கச் சொல்லவில்லை. அந்த விவரம் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வழியாக, எழுத்தில், உரிய அதிகாரிக்குப் போகட்டும். சந்தேகத்தின் பேரிலோ, பேச்சுமொழியையும் பெயரையும் வைத்தோ போகக் கூடாது. சேர்க்கை அதற்காகக் காத்திருக்கவும் கூடாது.

அமெரிக்காவில் இதே வழக்கு நடந்தது. ஆவணமில்லாக் குழந்தைகளின் படிப்புக்குப் பணம் தர மறுத்த டெக்சஸ் சட்டம் செல்லாது என்று 1982இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வழக்கின் பெயர் பிளைலர் எதிர் டோ. 'டோ' யாருடைய உண்மைப் பெயரும் இல்லை, அந்தக் குழந்தைகளை மறைத்து வைக்க நீதிமன்றம் ஏற்ற புனைபெயர். உரிமையைக் கேட்டு வந்த பிள்ளையின் பெயரையே காத்த பிறகுதான் உரிமையைப் பற்றிய பேச்சே தொடங்கியது. நம் பள்ளிகளில் உரிமைப் பகுதி ஓரளவு நடக்கிறது. பெயரைக் காப்பதில்தான் ஓட்டை.

ஓட்டை எங்கே என்றால், வாட்ஸ்அப்பில். "வெளிமாநில மாணவர் பட்டியல், இன்று மாலை 4 மணிக்குள், மிக அவசரம்" என்று ஒரு செய்தி வரும். நேரம் இல்லாததால் பதிவேட்டுப் பக்கத்தையே படமெடுத்து அனுப்பிவிடுவார்கள். பெயர், தாய்மொழி, தந்தையின் வேலையிடம், கைபேசி எண், சில சமயம் ஆதார் எண் எல்லாம் இருக்கும் அந்தப் படம் இருநூறு பேர் உள்ள குழுவில் கிடக்கும். அங்கிருந்து யார் கைபேசிக்கு எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிக் கேட்கப்படும்போது முதலில் எண்ணிக்கையை மட்டும் அனுப்பிப் பாருங்கள்: வகுப்புவாரியாக ஆண், பெண், மாநிலம். பத்தில் எட்டு முறை அதுவே போதுமானதாக இருக்கும். கேட்டவருக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். பெயர் வேண்டுமென்றால் கடித எண்ணோடு எழுத்தில் கேட்கச் சொல்லி, அலுவலக மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பலாம். தமிழ்நாட்டுக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸில் ஏற்கெனவே உள்ள விவரத்தைத் தனியாக எக்ஸெல்லில் தட்டி அனுப்பச் சொன்னால், "எமிஸிலேயே இருக்கிறது ஐயா" என்று பணிவாகச் சொல்வதில் தவறில்லை.

ஆதார் நகலும் அப்படித்தான். பெற்றோர் தாமாகத் தந்தால் எண்ணைப் பதிந்துவிட்டு நகலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கட்டுக்கட்டாக அலமாரியில் சேரும் நகல்கள் ஒரு நாள் பழைய பேப்பரோடு எடைக்குப் போய், கடலைப் பொட்டலமாகத் திரும்பி வருகின்றன. மாணவருக்கான தேசிய அடையாள எண்ணான அபார் எண்ணுக்குரிய ஒப்புதல் படிவமும் பெற்றோரின் விருப்பம்தான். படிக்கத் தெரியாதவரிடம் காட்டி "இங்க ஒரு ரேகை வைம்மா" என்று வாங்குவது ஒப்புதல் ஆகாது. அவர் மொழி தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அந்த ஒருவர் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தின் காகித விவகாரத்தை இன்னொரு வீட்டுக் குழந்தையின் வாய் வழியாகக் கேட்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அதை நிறுத்தியே ஆக வேண்டும்.

வெளியாட்கள் கேட்பதும் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விட்ட தொழிலாளியைத் தேடி ஒப்பந்தக்காரர் வருவார், வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் வருவார். "எந்தப் பள்ளிக்கு டிசி போச்சு?" என்பது சாதாரணக் கேள்வி போலத்தான் இருக்கும். பெற்றோர், சட்டப்படியான பாதுகாவலர் தவிர வேறு யாருக்கும் அந்தப் பதில் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பெயர்ப் பட்டியல் கேட்டு மனு வந்தால் 8(1)(ஜே) பிரிவு இருக்கிறது, தனிநபர் விவரம் என்று மறுக்கலாம். காவலர் வந்தால் தலைமை ஆசிரியர் அறையில் உட்காரவைத்து, என்ன விவரம், எந்த உத்தரவு என்று எழுத்தில் வாங்குங்கள். குழந்தையிடம் பேசியே ஆக வேண்டுமென்றால் சீருடையில்லாமல், பெற்றோரோ அவர்கள் நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்கும்போது பேசட்டும். சீருடைக் காவலர் வகுப்பு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அடுத்த வாரம் அந்த மொழி பேசும் பிள்ளைகள் யாருமே வரமாட்டார்கள்.

இது வீண் பயமில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது ஊர் திரும்பியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில், பாதுகாப்புக்காகவே கணக்கெடுக்க வருகிறோம் என்று சொல்லி வருபவரைப் பார்த்தாலும் நெஞ்சு படபடக்கும். பட்டியலில் இருப்பதே ஆபத்து என்று நினைக்கும் தாயிடம், பள்ளிப் பட்டியல் வேறு எங்கும் போகாது என்று சொல்ல வேண்டுமானால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

வகுப்பில் உட்காரவைப்பதைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ் தெரியாது என்பதற்காகப் பதினொரு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் விடுவது கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுக்கு முரண். வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். சிறப்புப் பயிற்சி மூன்று மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை தரலாம். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடம் சேர்க்கை நாளன்றே சொல்லிவிட்டால் அது தாமதமாகாது.

போகும்போதும் சிக்கல்தான். செங்கல் சூளைக் குடும்பங்கள் மழைக்கு முன் ஓரிரவில் கிளம்பிவிடும். பெயர் வருகைப் பதிவேட்டில் தொங்கும், பிறகு நீக்கப்பட்டு எந்தப் பள்ளியிலும் இல்லாத மாணவர் பெயர்கள் கிடக்கும் எமிஸின் காமன் பூலுக்குப் போகும். முள்ளோடையைத் தாண்டிப் பாகூர் பக்கம் போனால் அது புதுச்சேரி, வேறு அரசு. அங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, எமிஸ் எண்ணை அங்கே தேட முடியாது. இரு பக்கமும் செல்லுபடியாவது யூடைஸ் தரும் நிரந்தர மாணவர் எண்ணான பென் எண். சேர்த்த முதல் மாதத்திலேயே அந்த எண்ணையும் பள்ளியின் யூடைஸ் குறியீட்டையும் ஒரு சீட்டில் எழுதி, ஒட்டி மூடி, தாயின் பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள். சீட்டில் வேறொன்றும் வேண்டாம்; தொலைந்தாலும் எடுத்தவருக்கு அதனால் பயனில்லை. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று புதிய பள்ளி சேர்க்கையை நிறுத்தி வைக்கவும் முடியாது, பழைய பள்ளி அதைத் தராமல் இழுத்தடிக்கவும் முடியாது. 5ஆம் பிரிவு இரண்டையும் தடுக்கிறது. மாற்றுச் சான்றிதழை மேஸ்திரி கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தத் தாளைப் பிடித்து வைத்துக்கொண்டு குடும்பத்தையே பிடித்து வைக்க முடியும்.

கடைசியாக, பதிவேடு இருக்கும் இடம். 2011 டிசம்பர் 30 தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் கடலூரில் ஈரமானவற்றில் பள்ளித் தாள்களும் உண்டு. சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். அதை இரும்பு பீரோவின் மேல் தட்டில், பாலிதீன் உறையில் சுற்றி, பூட்டி வைக்க வேண்டும்; சாவி தலைமை ஆசிரியரிடமும் பொறுப்பாசிரியர் ஒருவரிடமும் மட்டும் இருக்கட்டும். வாடகை ஒப்பந்தமோ குடும்ப அட்டையோ இல்லாத ஒரு குடும்பம் இந்த மாவட்டத்தில் ஆறு ஆண்டு வாழ்ந்தது என்பதற்கு, பல நேரங்களில் அந்தப் பதிவேட்டின் ஒரு வரியும் ஒரு சேர்க்கை எண்ணும் தவிர வேறெதுவும் இருப்பதில்லை.